மடியில் உட்கார்ந்தே உலகம் பார்க்கட்டும்

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு 9 வாரம் ஆகிறது. தடுப்பூசிகள் முடியும்வரை வெளியே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் கதவு மணி அடித்தாலே சோபாவுக்கு அடியில் ஓடிவிடுகிறது. பயம் தெளியட்டும் என்று வருகிறவர்கள் எல்லோர் கையிலும் கொடுத்துக் கொஞ்சச் சொல்கிறோம். அப்படியும் மாறவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கைமாற்றலை நிறுத்துங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டாக்டர் சொன்னது சரிதான். குட்டிகளுக்குக் கடும் வாந்தி, பேதி தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பல நாய்கள் நடமாடும் தரையில் குட்டியின் கால் படக்கூடாது. ஆனால் நாம் அதை 'உலகத்தையே காட்டாதே' என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம். நானே அப்படிச் செய்தவள். என் முதல் நாயை நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே பொத்திப் பொத்தி வளர்த்தேன். கடைசி ஊசி வேலை செய்யத் தொடங்கியதும் பெருமையாகத் தெருவில் இறக்கினால், எதிரே வந்தவர் குடையை விரித்தார். அவ்வளவுதான், கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. 13 வருஷம் இருந்தது. கடைசிவரை குடையைக் கண்டால் நடுங்கும்.

புதியதைக் குட்டி சுலபமாக ஏற்றுக்கொள்ளும் பருவம் சுமார் 3 வாரத்தில் தொடங்கி, 12 முதல் 14 வாரத்துக்குள் மங்கிவிடும். ஊசிகள் முடியவோ 16 வாரம் ஆகலாம். ஊசிக்காகக் காத்திருந்தால் பருவம் போய்விடும். அதனால் தூக்கிக்கொண்டு போங்கள். தெருமுனையில் பத்து நிமிஷம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஹெல்மெட் போட்டவர், சைக்கிள், தாடிக்காரர், அழுகிற குழந்தை என்று எல்லாம் தானாக வரும். ஊசி போட்ட, சாதுவான பெரிய நாய் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், டாக்டரைக் கேட்டுவிட்டு அங்கேயும் போய்வரலாம்.

மணிச் சத்தத்தை போனில் பதிவு செய்யுங்கள். காதில் விழுந்தும் விழாத அளவுக்கு ஒலிக்கவிட்டு, உடனே பிடித்த தீனி ஒரு துண்டு. நிம்மதியாகத் தின்றால் அடுத்த நாள் ஒரு படி கூட்டுங்கள். தின்பதை நிறுத்தினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பழைய அளவுக்கே திரும்புங்கள்.

இனி விருந்தாளிகள். பயந்த குட்டியைக் கை கையாக மாற்றினால், தப்பிக்க வழியில்லை என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். வந்தவர் தரையில் உட்காரட்டும், குட்டியைப் பார்க்கவே வேண்டாம். அதுவாக வந்து முகர்ந்தால் நெஞ்சுப் பக்கம் இரண்டு தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் அதுவே ஒட்டிக்கொண்டு நிற்கும். முகத்தைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, தூக்கமே வராதபோது கொட்டாவி விட்டாலோ 'போதும், விடு' என்கிறது. (இதைக் குழந்தைகளுக்குச் சொன்னால் கேட்கிறார்கள். பெரியவர்களிடம்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.)

கேள்வி: 11 வாரக் குட்டி. விளையாடும்போது கையைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. மூக்கில் தட்டலாமா?

பதில்: கூடாது. அப்புறம் உங்கள் கையைக் கண்டாலே மிரளும். பல் பட்ட கணமே விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுங்கள், அரை நிமிஷம் போதும். பிறகு மெல்லுவதற்கு பொம்மையைக் கொடுங்கள். சாயங்காலம் மட்டும் பேய் பிடித்தாற்போல் கடிக்கிறதென்றால் அது பெரும்பாலும் தூக்கம் போதாத கோளாறு. இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரமாவது தூங்கும். படுக்கையில் விட்டு விளக்கை அணைத்துப் பாருங்கள்.