டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன், ஈஸ்ட்ரோஜன் 52 காட்டுகிறது. குறைக்க மாத்திரை எடுக்கலாமா?

உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லை, ரிப்போர்ட்டில் 52 என்று தடித்த எழுத்தில் வந்ததுதான் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நான் டாக்டர் இல்லை. அந்த மாத்திரையைப் போட்டு அவதிப்பட்டவன்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை எடுத்தபிறகு எனக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு நின்றுபோனது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 250 மில்லிகிராம் ஊசி. போட்ட சில நாள் ராஜா மாதிரி இருப்பேன், மூன்றாவது வாரம் சுருண்டு கிடப்பேன். ஐந்தாறு மாதத்தில் முகம் உப்பியது, மோதிரம் இறுகியது, பனியன் உரசினாலே மார்க்காம்பு கூசியது. ஊசி போட்ட நான்காம் நாள் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன்: எஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜனில் முக்கியமான வகை, ரிப்போர்ட்டில் அளப்பது இதைத்தான்) 61. ஆண்களுக்கு ஏறக்குறைய 10 முதல் 40 பிகோகிராம் வரை என்று லேப்களில் போட்டிருப்பார்கள்.

ஜிம்மில் ஒரு தம்பி அனஸ்ட்ரசோல் என்று பெயர் எழுதிக் கொடுத்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகக் கொடுக்கும் மாத்திரை அது. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமடேஸ் என்சைமைக் கட்டிப்போடும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மில்லிகிராம் போட்டேன். முதலில் வீக்கம் வடிந்தது, பரவாயில்லையே என்று இருந்தது. நான்காவது வாரம் ஒரு கல்யாண வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவனை இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. முழங்கால், விரல் முட்டி எல்லாம் துருப்பிடித்த கீல் மாதிரி. தாம்பத்திய ஆசை சுத்தமாக இல்லை, அதுவும் டெஸ்டோஸ்டிரோன் நிறைய இருக்கும்போதே. மறுபடி பார்த்தால் எஸ்ட்ராடையால் 10-க்கும் கீழே.

"ஆம்பளைக்கு ஈஸ்ட்ரோஜன் எதுக்குன்னு நினைச்சீங்களா?" என்று ஹார்மோன் டாக்டர் பிடித்துக்கொண்டார். திட்டி முடித்துவிட்டு ஒரு கதை சொன்னார். 1994-இல் மருத்துவ இதழில் வந்த 28 வயது ஆள் ஒருவர்; உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருந்தும் அது வேலை செய்யாத மரபணுக் கோளாறு. 204 சென்டிமீட்டர் உயரம், எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் அந்த வயதிலும் மூடவில்லை, எலும்போ பலவீனம். அப்புறம் 2013-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. ஆண்களின் இயற்கைச் சுரப்பை நிறுத்தி, வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் இதே அனஸ்ட்ரசோலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் இறங்கியவர்களுக்குத்தான் கொழுப்பு ஏறியிருக்கிறது, ஆசையும் குறைந்திருக்கிறது. என் கதையேதான்!

அந்த 61-க்குக் காரணம் ஊசியின் உச்சம் என்றார். ஒரே நாளில் மொத்தமாக ஏற்றினால் அரோமடேஸும் மொத்தமாக மாற்றித் தள்ளும். அந்த என்சைம் கொழுப்பில் நிறைய இருப்பதால் என் தொப்பையும் கூட்டாளி. மாத்திரையை நிறுத்தி, ஊசியிலிருந்து தினமும் தடவும் ஜெல்லுக்கு மாற்றினார். இரண்டு மாதத்தில் மூட்டு சரியானது. எடை ஏழு கிலோ குறைய ஒரு வருஷம் ஆனது, அது வேறு கதை. (ஜெல் தடவுகிறவர்கள் கையைக் கழுவிச் சட்டை போட்டபிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும்; தோல் வழியாக அதற்கும் போய்விடும்.)

உங்கள் 52-க்கு வருகிறேன். ஊசி போட்டு எத்தனையாவது நாள் ரத்தம் கொடுத்தீர்கள்? ஒவ்வொரு முறையும் ஒரே நாள் கணக்கில் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். லேப்களில் வழக்கமாகச் செய்யும் இம்யூனோ முறை (ஆன்டிபாடியை வைத்து அளப்பது) ஆண்களின் சின்ன அளவுகளில் தவறலாம். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற இன்னும் துல்லியமான முறையில் செய்யும் லேப் கிடைத்தால் அங்கே பாருங்கள். ஊசியின் அளவையோ இடைவெளியையோ மாற்ற முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். மார்க்காம்புக்கு அடியில் கட்டி மாதிரி தட்டுப்பட்டால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். புதிதாக இருக்கும்போது டாக்டர் பார்த்துக் கொடுக்கும் மாத்திரையில் கரைய வாய்ப்புண்டு, நாள்பட்டு இறுகினால் அறுவைதான்.

இப்போது என் எஸ்ட்ராடையால் 38. போன மாதம் அதைப் பெருமையாகக் காட்டினேன். டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை, ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) எங்கே என்று தேடினார். அது 54-ஐத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிவிடும், ஜெல்லையே நிறுத்த வேண்டியிருக்குமாம். எனக்கு 51.