ஒரே ஏழு வெள்ளைக் கட்டைகள்தானே, மோட் மாறினால் உணர்வு மட்டும் எப்படி மாறுகிறது?

கேள்வி இதுதான்: "சி மேஜரை டி-யில் தொடங்கி வாசித்தால் டோரியன் மோட் என்கிறார்கள். வாசித்துப் பார்த்தால் சி மேஜர் மாதிரியேதான் கேட்கிறது. மேஜரிலும் மைனரிலும் இல்லாத எந்த உணர்வு இந்த மோட்களில் வருகிறது?"

எனக்கும் ரொம்ப நாள் இதே சந்தேகம்தான். மோட் என்றால் மேஜர், மைனர் போல ஒரு சுர வரிசை. மேற்கத்திய முறையில் கீபோர்டு கற்றவன் நான். அயோனியன், டோரியன், ஃபிரிஜியன், லிடியன், மிக்ஸோலிடியன், ஏயோலியன், லோக்ரியன் என்று ஏழு பெயரையும் வாய்ப்பாடு போல ஒப்பித்தேன். டி முதல் டி வரை வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தும் காட்டினேன். காதில் மட்டும் எதுவும் ஏறவில்லை.

ஏறியது ஒரு மெல்லிசைக் குழு ஒத்திகையில். எங்கள் குழுவில் வயலின் வாசித்த அண்ணன் கர்நாடக சங்கீதக்காரர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, அடிச் சுருதியை விடாமல் ஒலிக்கும் தன் சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில், அதாவது சி-யில் வைத்தார். "வெள்ளைக் கட்டையை விட்டு வெளியே போகாம எதையாவது வாசிச்சிட்டே இரு" என்றார். வாசித்தேன். நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் குமிழை இரண்டு கட்டைக்கு, அதாவது டி-க்குத் திருப்பினார். என் கை எதையும் மாற்றவில்லை, அதே கட்டைகள், அதே மெட்டு. ஆனால் அறைக்குள் வெளிச்சம் சட்டென்று சாய்ந்த மாதிரி இருந்தது.

"இப்ப என்ன வாசிக்கிற?"

"சி மேஜர்தாண்ணே."

"சங்கராபரணத்துல ஆரம்பிச்சே. இப்ப அது கரகரப்பிரியா."

சங்கராபரணம் மேஜரின் சுரங்கள் கொண்ட ராகம், கரகரப்பிரியா டோரியனின் சுரங்கள் கொண்டது. நம்மூரில் இதற்குக் கிரகபேதம் என்று பெயர். அடிச் சுரமான ஸ-வை இடம் மாற்றினால் மற்ற ஆறு சுரங்களுக்கும் பெயர் மாறுகிறது, ஏனென்றால் சுரம் என்பதே ஸ-விலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான். நீங்கள் சுருதி எதுவும் இல்லாமல் டி முதல் டி வரை வாசிக்கும்போது, காது பழக்கதோஷத்தில் சி-யையே ஸ-வாக வைத்துக்கொள்கிறது. அதனால்தான் உங்களுக்கு அது சி மேஜராகவே கேட்கிறது. எங்கே தொடங்குகிறீர்கள் என்பது கணக்கே இல்லை. அடியில் எது விடாமல் ஒலிக்கிறது, எதில் வந்து நிற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

சரி, உணர்வுக்கு வருவோம். மோட்களை வெள்ளைக் கட்டை வரிசையில் படிக்காமல், எல்லாவற்றுக்கும் ஒரே ஸ வைத்து அடுக்கிப் பாருங்கள். லிடியன் நம் கல்யாணி. அதன் பிரதி மத்தியமத்தை (உயர்ந்த ம) அரைப்படி இறக்கிச் சுத்த மத்தியமமாக்கினால் மேஜர். அதில் நிஷாதத்தை (நி) இறக்கினால் மிக்ஸோலிடியன், அதாவது அரிகாம்போதி. காந்தாரத்தையும் (க) இறக்கினால் டோரியன், தைவதத்தையும் (த) இறக்கினால் ஏயோலியன் (நடபைரவி, சாதாரண மைனர்), ரிஷபத்தையும் (ரி) இறக்கினால் ஃபிரிஜியன், நம் தோடியின் சுரங்கள். ஒவ்வொரு படியிலும் மாறுவது ஒரே ஒரு சுரம். ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் இருட்டுகிறது.

மோட்டின் குணம் அந்த ஒரு சுரத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. டோரியனை மைனரிலிருந்து பிரிப்பது மேலே நிற்கும் தைவதம் மட்டுமே. அதைத் தொடாமல் வாசித்தால் அது மைனரா டோரியனா என்று யாராலும் சொல்ல முடியாது. தொட்டதும், அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவரைப் பார்ப்பது போல ஒரு சாயல் வந்துவிடும். டி மைனர், ஜி மேஜர் என்று இரண்டு கார்டை (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மட்டும் மாற்றி மாற்றிப் பிடித்தாலே போதும், ஜி கார்டுக்குள் அந்தத் தைவதம் இருக்கிறது. மிக்ஸோலிடியனுக்கு ஜி, எஃப். ஃபிரிஜியனுக்கு ஈ மைனர், எஃப்.

மேஜர், மைனரின் பிழைப்பே வேறு. மேஜரில் நிஷாதம் மேல் ஸ-வுக்கு அரைப்படி கீழே நின்று அதை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். ஜி7 கார்டை அடித்துவிட்டு நிறுத்திப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்து சி அடித்துவிட்டுப் போவார். மைனரில் இந்த இழுவை இல்லை என்பதால்தான் அதன் நிஷாதத்தை உயர்த்தி ஹார்மோனிக் மைனர் என்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள், அது நம் கீரவாணி. கிளம்பிப் போய்த் தவித்து வீடு திரும்பும் கதைக்கு அது தோது. டோரியனிலோ மிக்ஸோலிடியனிலோ அந்தத் தவிப்பு கிடையாது. இருந்த இடத்திலேயே இருந்து சுற்றிப் பார்க்கிற இசை அது. 1959இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த 'ஸோ வாட்' 16 பார் (தாளச் சுற்று) டி டோரியன், அரைப்படி ஏறி 8 பார், மறுபடி டி-யில் 8 பார், அவ்வளவுதான். இதற்கு நடுவில் பழக்கதோஷத்தில் ஒரு ஜி7, சி அடித்தீர்களானால் டோரியன் கலைந்து சி மேஜர் வந்து உட்கார்ந்துவிடும். நான் மேடையிலேயே செய்திருக்கிறேன்.

லிடியனை மட்டும் 'வெளிச்சம்' என்று சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பீத்தோவன் 1825இல் கடும் நோயிலிருந்து மீண்டதும், கடவுளுக்கு நன்றியாக ஒரு மெதுவான பகுதியை லிடியனில் எழுதினார், அவருடைய 132ஆம் எண் படைப்பான தந்தி நால்வர் இசையில் அது இருக்கிறது. ஸ எஃப்-தான், ஆனால் காது அடிக்கடி சி-தான் வீடு என்று நினைத்துக்கொள்ளும். கால் தரையில் படாத அந்த நிலையை மகிழ்ச்சி என்று சொல்ல முடியுமா?

2013இல் வெளியான ஓர் ஆய்வில் டேவிட் டெம்பர்லியும் டாஃப்னி டானும், மெட்டுகளை மோட் மாற்றிக் கேட்கவைத்து எது மகிழ்ச்சியாக இருக்கிறது என்று கேட்டார்கள். சுரங்கள் இறங்க இறங்க மகிழ்ச்சி குறைந்தது. ஆனால் முதலிடம் லிடியனுக்குக் கிடைக்கவில்லை, மேஜருக்குத்தான். பழகிய வீடு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. இந்த ராகப் பெயர்களைச் சொன்னதால், ஃபிரிஜியன் வாசித்தால் தோடி வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும், கீபோர்டில் அது நின்ற இடத்திலேயே நிற்கும். நான் பெருமையாக வாசித்துக் காட்டியபோது அண்ணன், "சாமான் எல்லாம் வாங்கிட்ட, இன்னும் அடுப்பே பத்தவைக்கல" என்றார். சுரங்கள் ஒன்றாக இருந்தும் கேட்கும் உணர்வு அவ்வளவு தூரம் தள்ளிப் போகிறது.

நீங்களே செய்து பாருங்கள். போனில் ஒரு சுருதிப் பெட்டிச் செயலியைப் போட்டு, வெள்ளைக் கட்டைகளில் ஒரு சின்ன மெட்டை வாசித்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டையை மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடமாவது இருங்கள், இல்லையென்றால் காது பழைய ஸ-வை விடாது. ஏழாம் கட்டையில் எரிச்சலாக இருக்கும். அதுதான் லோக்ரியன். பெட்டி ஒலிக்கிற பஞ்சமம் உங்கள் வெள்ளைக் கட்டைகளில் கிடையாது, பதிலுக்கு இரண்டு மத்தியமங்கள் வந்து நிற்கும். கர்நாடக இசையின் 72 மேளத்தில் (தாய் ராகங்களில்) எதிலும் அதற்கு இடமில்லை. செயலியைக் குறை சொல்லாதீர்கள்.