தலைப்பிரசவம் ஊரிலா, மும்பையிலா?

தங்கச்சி, தென்காசியிலிருந்து கல்யாணமாகி செம்பூர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள், இந்தி வாயில் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அம்மா வீட்டுக்குப் போனால் சுகப்பிரசவம், மும்பையில் இருந்தால் கத்திதான் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள், என்ன செய்வது, எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறாய். என் இரண்டு பிள்ளைகளும் இந்த மும்பையில் சுகப்பிரசவத்தில் பிறந்தவர்கள். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் அந்த ஊர்ப்பேச்சை ஒதுக்கி வை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். மகாராஷ்டிராவில் 25. நாடு முழுவதும் பார்த்தால் தனியார் ஆஸ்பத்திரிகளில் 47, அரசு ஆஸ்பத்திரிகளில் 14. ரயிலேறி ஊருக்குப் போய்விட்டால் எல்லாம் தானாக நல்லபடி நடந்துவிடும் என்பதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. எந்த டாக்டர், எப்படிப்பட்ட லேபர் வார்டு, வலி நேரத்தில் பக்கத்தில் யார்? இதைத்தான் நீ முடிவு செய்ய வேண்டும். ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்ய வேண்டும். வலி வந்த பிறகு யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

டாக்டரிடம் நேராகக் கேள்: "உங்ககிட்ட வர்ற தலைப்பிரசவத்துல எத்தனை நார்மல் ஆகுது?" எனக்குப் பார்த்த மராத்திக்கார டாக்டரம்மாவிடம் நான் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். கோபப்படாமல், அந்த மாதம் நடந்த பிரசவங்களை விரல் விட்டு எண்ணி, சிசேரியன் ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் என்றும் சொன்னார். அப்படிச் சொல்கிறவரை நம்பலாம். "அதெல்லாம் உங்களுக்கெதுக்கு, நாங்க பாத்துக்கிறோம்" என்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது. இன்னும் கேட்க வேண்டியவை உண்டு. வலி நேரத்தில் எழுந்து நடக்க விடுவார்களா, தண்ணீரோ கஞ்சியோ குடிக்க விடுவார்களா, தேதி தாண்டினால் எத்தனை நாள் பொறுப்பார்கள், எல்லாருக்குமே கீழே வெட்டித் தையல் போடுவார்களா, ராத்திரி வலி வந்தால் யார் இருப்பார்கள்? உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், எல்லாருக்கும் வழக்கமாக வெட்டுப் போட வேண்டாம் என்றே இருக்கிறது. கர்ப்பவாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் வலி வேகமெடுக்கும், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து அவசரப்படுத்தக் கூடாது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள்.

துணைக்கு யார் என்பது இதைவிட முக்கியம். அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை இருக்கலாம் என்று மத்திய அரசு 2016-லேயே அனுமதித்திருக்கிறது. நடைமுறை இடத்துக்கு இடம் மாறும். வார்டு சிஸ்டரிடம் முன்கூட்டியே கேட்டு வை. அம்மா கூட இருந்தால் தெம்புதான், ஆனால் அம்மாவுக்கும் இந்தி வராது. ஒருவரைத்தான் விடுவார்கள் என்றால், பிள்ளை பெற்று அனுபவப்பட்ட, இந்தி பேசத் தெரிந்த நம்மூர்க்காரம்மா ஒருவரை இப்போதே பேசி வை. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அப்படி மனசுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீயும் நாலு சொல் பழகிக்கொள். "ஜோர் லகாவோ" என்றால் முக்கு, "ருக்கோ" என்றால் நிறுத்து, "லம்பி ஸான்ஸ் லோ" என்றால் மூச்சை இழுத்து விடு.

உடம்பைத் தயார் செய்வதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை காலையில் டைமண்ட் கார்டன் பக்கம் நடந்துவிட்டு வா. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காய் நறுக்கு. ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 11-க்குக் கீழே போகாமல் பார். இரும்புச் சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்துப் போடாதே, அதன் சத்து உடம்பில் சேராது. வலி வர வேண்டும் என்று யார் விளக்கெண்ணெய் கொடுத்தாலும் டாக்டரைக் கேட்காமல் குடிக்காதே.

ஒன்பதாம் மாதத்தில் சூட்டு வலி, அதாவது பொய் வலி, வந்து உன்னை நன்றாகப் பயமுறுத்தும். நம் வீடுகளில் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து, அடங்கினால் சூட்டு வலி, ஏறினால் பிரசவ வலி என்பார்கள். கஷாயத்தைக் குடி, கையில் கடிகாரத்தையும் வைத்துக்கொள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் என்று ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்பு. நீர்க்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ கடிகாரம் பார்க்காதே, உடனே போ.

வலி எப்படி இருக்கும் என்று கேட்டாய். எனக்கு இடுப்பின் பின்பக்கம் பிடித்து, அடிவயிற்றுக்குச் சுற்றி வந்து, உச்சத்துக்கு இறுக்கி, பிறகு முழுசாக விட்டுவிடும். விட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு கண் தூங்கினேன் என்றால் நம்புவாயா? கட்டில் கம்பியைப் பிடித்து நின்று இடுப்பை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ரத்னகிரிப் பக்கத்து ஆயாம்மா ஒருவர் உள்ளங்கையின் அடிப்பகுதியை என் இடுப்பெலும்பில் வைத்து, வலி ஏறும்போதெல்லாம் முழுப் பலத்தோடு அழுத்தினார். அந்த அழுத்தம் இல்லாவிட்டால் என்னால் தாங்கியிருக்க முடியாது. பயந்தால் உடம்பு இறுகும், வலி கூடும், திறப்பும் மெதுவாகும். பல்லைக் கடிக்காமல், தாடையைத் தளர்த்தி "ஆ" என்று கனத்த குரலில் மூச்சை விடு.

கடைசிக் கட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரு நேரம் வரும். கை கால் நடுங்கும், வாந்தி வரும், "என்னால முடியாது, கிழிச்சு எடுத்துடுங்க" என்று கத்தத் தோன்றும். பெரும்பாலும் அப்போது திறப்பு முடியப்போகிறது. இதைத் தெரிந்த துணை "இன்னும் கொஞ்சந்தான்" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். தெரியாதவள் உன்னோடு சேர்ந்து அழுவாள். அப்புறம் மலம் வருகிற மாதிரி முட்டும், உடம்பே முக்கும். தலை வெளியே வரும்போது கீழே நெருப்பாக எரியும். அந்த நேரம் சிஸ்டர் நிறுத்தச் சொன்னால் முக்காமல் வாயால் ஊது, கிழிசல் குறையும். பிள்ளையை நெஞ்சில் போடச் சொல், தொப்புள்கொடியை ஒரு நிமிஷமாவது பொறுத்து வெட்டச் சொல், முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடு. குறைமாதமாகவோ எடை குறைவாகவோ பிறந்து, உனக்குப் பாலும் வரவில்லை என்றால் தானப் பால் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் தொடங்கியது நம் சயான் ஆஸ்பத்திரியில்தான்.

நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலோ, பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கினாலோ சிசேரியனுக்கு ஒரு நொடி யோசிக்காமல் கையெழுத்துப் போடு. வலி தாங்காமல், அதைக் குறைக்க முதுகில் ஊசி கேட்பதும் தப்பே இல்லை. இதையெல்லாம் யாரும் உனக்குக் குறையாகச் சொல்ல விடாதே.

அம்மா வீட்டுக்கே போவது என்று முடிவானால் தாமதிக்காதே. 32 வாரம் தாண்டினால் விமானத்தில் டாக்டர் சான்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் பிரசவத்துக்கு ஆர்.சி.எச். எண், அதாவது கர்ப்பிணியைப் பதிவு செய்து அரசு தரும் எண், வேண்டும், அதைப் பதிந்துவிட்டுப் போ. இங்கேயே என்றால் ஆகஸ்ட் மழையை மனசில் வை. செம்பூர் ஆட்டோ சயான் வரைக்கும்தான் போகும். பரேல் ஆஸ்பத்திரி என்றால் டாக்சி வேண்டும், நல்ல மழையில் வழியில் ஹிந்த்மாதா பகுதியில் தண்ணீர் கட்டிவிடும். முடிந்தால் சயானுக்கு இந்தப் பக்கமே ஆஸ்பத்திரி பார். இல்லையென்றால் கட்டிடத்திலேயே கார் வைத்திருப்பவர் ஒருவரிடம் சொல்லி வை. 108 இங்கேயும் வரும். 37 வாரத்துக்குப் பிறகு எந்த நாளும் வலி வரலாம், அதனால் அம்மா ஜூலை பத்துக்குள் வந்து சேரட்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், தென்மாவட்ட வண்டிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். டிக்கெட்டை இன்றைக்கே பார்த்துவிடு.