ஒற்றை நட்டா, நாலு நட்டா?

கேள்வி: போர்ஷே 911 ஜிடி3 கார் ஒன்றைப் பார்த்தேன். சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட். என் ஸ்விஃப்ட்டுக்கும் அப்படி மாற்றித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். மாற்றலாமா அண்ணே?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: வேண்டாம் தம்பி. அந்த சென்டர் லாக் நட் பந்தயத்துக்காக வந்தது. 2023 கத்தார் ஃபார்முலா 1 போட்டியில் மெக்லாரன் ஆட்கள் நாலு சக்கரத்தையும் 1.80 விநாடியில் மாற்றினார்கள். ஒவ்வொரு நட்டாகக் கழற்றிக்கொண்டிருந்தால் அது நடக்குமா? அமெரிக்காவின் நாஸ்கார் கப் பந்தயமே 2022-ல்தான் ஐந்து நட்டை விட்டு ஒற்றை நட்டுக்கு வந்தது.

ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு அந்த அவசரம் கிடையாது. தண்டையார்பேட்டையில் எங்கள் கடைக்கு வரும் சாதாரண கார்களின் நட்டை 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இறுக்கினால் போதும். ஜிடி3-யின் ஒற்றை நட்டுக்கு 600 வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் அறுபது கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு அழுத்தமோ, அவ்வளவு. உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, வெளியே இன்னொருவர் எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் நீளமான டார்க் ரெஞ்சைப் போட்டு இறுக்க வேண்டும். ராத்திரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டயர் போனால் எந்த பஞ்சர் கடையில் அந்த ரெஞ்ச் இருக்கும்? ரிக்கவரி வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

பந்தயத்திலேயே அது மக்கர் பண்ணியிருக்கிறது. 2021 மொனாக்கோ ஃபார்முலா 1 போட்டியில் போட்டாஸ் என்ற ஓட்டுநரின் மெர்சிடிஸில், நட்டைக் கழற்றும் வீல் கன் நேராக உட்காராமல் நட்டின் பிடிமானமே தேய்ந்துபோனது. சக்கரத்தைக் கழற்ற முடியாமல் அவர் பந்தயத்தை அங்கேயே விட்டார். வண்டியை இங்கிலாந்து தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த்தான் கழற்றினார்கள். நாலைந்து நட் இருந்தால், ஒன்று மரை போனாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓட்டிக் கடைக்கு வந்துவிடலாம்.

ஜிடி3-க்கு, சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பையே அதற்கென்று செய்திருக்கிறார்கள். சுழலும் விசையை ஹப்பில் இருக்கும் பின்கள் தாங்கும், நட் அழுத்திப் பிடிக்கும், அது தானாகக் கழலாமல் இருக்க நடுவில் ஒரு பூட்டும் உண்டு. உன் ஸ்விஃப்ட்டில் இது எதுவும் இல்லை. கடையில் என்ன செய்வார்கள் தெரியுமா? நட் மாட்டும் மரைக்கம்பிகளான பழைய நாலு ஸ்டட் மேலேயே ஒரு அடாப்டர் தகட்டை முடுக்கி, அதன்மேல் ஒற்றை நட்டைப் போடுவார்கள். அப்போதும் வண்டி நிற்பது அந்த நாலு நட்டில்தான். அவற்றில் ஒன்று தளர்ந்தால் வெளியே தெரியவும் தெரியாது. தகட்டின் கனத்துக்குச் சக்கரம் வெளியே தள்ளும், பேரிங் சீக்கிரம் போகும். அழகுக்காக இவ்வளவு ஆபத்தை வாங்காதே.

கேள்வி: பஞ்சர் கடையில் ஸ்பேனர்மேல் ஏறி மிதித்து இறுக்குகிறார்களே, சரியா?
– வாசகி, ராயபுரம்

பதில்: தப்பும்மா. அளவுக்கு மீறினால் ஸ்டட் இழுபட்டு நைந்துவிடும், பிரேக் டிஸ்க்கும் கோணிக்கொள்ளும். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள்.