பர்மா தேக்குன்னு சொன்னா நம்பிடாதீங்க: தலைவாசலுக்கு மரம் எடுக்குறவங்களுக்கு

கும்பகோணத்துலேருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. புது வீட்டுக்குத் தலைவாசல் நிலையும் கதவும் தேக்குல போடணுமாம். ஆசாரி பர்மா தேக்குதான் வேணும்னு அவருக்குத் தெரிஞ்ச கடைக்கே கூட்டிட்டுப் போயிருக்கார், இன்னொரு கடையில கானா தேக்கு ரொம்ப கம்மி விலைக்குச் சொல்றாங்க, "கானா தேக்குன்னா தேக்கே இல்லையாமே, கரையான் அரிச்சிடுமா?"ன்னு பயப்படுறாங்க.

கானா தேக்கும் அசல் தேக்குதாம்மா. இந்தியா, பர்மா, தாய்லாந்து, லாவோஸ் காட்டுல தானா வளர்ற அதே ஜாதியைத்தான் அங்க கொண்டு போய் தோட்டமா வச்சாங்க, அது இப்ப தூத்துக்குடிக்குக் கப்பல்ல வருது. "ஆப்பிரிக்கன் டீக்"னு பொதுவா சொன்னா மட்டும் உஷாரா இருங்க, அந்தப் பேர்ல வேற ஜாதி மரமும் விக்கிறாங்க.

கரையான் விஷயத்துக்கு நாடு முக்கியமில்ல, வைரம்தான் முக்கியம். நடுவுல தங்க பழுப்பு நிறத்துல இருக்கே, அதுல இருக்குற எண்ணெய்ப் பசைதான் கரையானத் தள்ளி வைக்குது, வெளி ஓரத்துல வெளிறிப் போய் இருக்குற வெள்ளையில அது இல்ல. அதனால வெள்ளையா இருந்தா பர்மாவா இருந்தாலும் அரிக்கத்தான் செய்யும். தோட்டத்து மரத்த 20, 25 வருஷத்துல வெட்டிடுறாங்க, அதுல வெள்ளையும் கணுவும் ஜாஸ்தி, விலை கம்மியா இருக்குறது அதுக்குத்தான். நல்லா முத்துன கட்டையா பொறுக்கி எடுத்தா கானாவே உங்க நிலைக்குப் போதும்.

கடையில சட்டத்தோட நாலு பக்கத்தையும் திருப்பிப் போட்டுப் பாருங்க, ஒரு மூலையில மட்டும் வெள்ளை ஒளிஞ்சிருக்கும். ஸ்டெயின் பூசி மறைச்சிருந்தா இழைப்புளியால ஒரு இழைப்பு இழுக்கச் சொல்லுங்க, உள்ள இருக்குற நிறம் தெரிஞ்சிடும், புதுசா சீவுன தேக்கத் தடவுனா லேசா மெழுகு மாதிரி வழவழன்னு இருக்கும், தோல் வாசனை அடிக்கும். இழைக்க விடமாட்டேன்னு சொல்ற கடையில நிக்காதீங்க. ஈரம் பாக்குற சின்ன மீட்டர் இருக்கு, கதவுக்கு 12லேருந்து 14 சதவீதத்துக்குள்ள இருக்கணும். பச்சை மரத்துல கதவு போட்டா காஞ்சு சுருங்கி பலகைக்கு நடுவுல சந்து விழும், அப்ப தேக்கத் திட்டி பிரயோஜனம் இல்ல.

இப்ப அந்த பர்மா கதைக்கு வரேன். மியான்மர் 2014 ஏப்ரல் 1லேருந்து உருட்டுக் கட்டையா ஏற்றுமதி பண்றதத் தடை பண்ணிடுச்சு, அறுத்த மரமாதான் வெளிய விடுறாங்க. ஆக, பெரிய உருட்டுக் கட்டையக் காட்டி "இப்பதான் பர்மாலேருந்து இறங்குச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா அங்கயே புரிஞ்சுக்கோங்க. ஆசாரி ஒரே கடையத்தான் காட்டுறார்னா அங்க அவருக்குக் கமிஷன் இருக்கான்னு யோசிங்க, எல்லா ஆசாரியும் அப்படின்னு சொல்லல, ஆனா அந்தக் காசு உங்க கனஅடி ரேட்டுலதான் ஏறும்.

நம்ம நாட்டுத் தேக்கையும் மட்டமா நினைக்காதீங்க. மலபார் தேக்குல பம்பாய்ல கட்டி 1817ல தண்ணியில விட்ட டிரிங்கோமாலிங்கிற கப்பல் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல் ஊர்ல இன்னும் மிதக்குது. நிலம்பூர்ல 1840கள்ல நட்ட மரங்கள் இன்னைக்கும் நிக்குது.

பர்மாதான் மனசுக்குப் பிடிச்சிருக்குன்னா, சந்தேகத்துக்கு இடம் கம்மியான ஒரு வழி பழைய மரம். காரைக்குடி பக்கம் செட்டிநாட்டு வீடுங்க கட்ட அந்தக் காலத்துல பர்மாலேருந்து கப்பல் கப்பலா தேக்கு வந்துச்சு, அந்த மாதிரி வீடு இடிக்கும்போது தூணும் உத்தரமும் விலைக்கு வரும், பல வருஷம் காஞ்ச மரம், இனி சுருங்காது. ஆனா அதுலயும் பாத்துதான் எடுக்கணும்: ஆணி உள்ளயே இருந்தா அறுக்குறப்ப பிளேடு போயிடும், சுவத்துக்குள்ள சொருகியிருந்த முனை உளுத்திருக்கும், தட்டிப் பாத்தா பொத்துன்னு சத்தம் வரும், அந்த முனைய கழிச்சிட்டுதான் அளக்கச் சொல்லணும், முழு நீளத்துக்குக் காசு கொடுத்துடாதீங்க. நீளவாக்குல வெடிப்பு ஆழமா ஓடியிருந்தா நிலைக்கு வேண்டாம், சின்னச் சின்ன பலகைக்கு அறுத்துக்கலாம்.

அளவ நீங்களே போட்டுக்கோங்க, யாரையும் கேக்க வேண்டாம். அகலமும் கனமும் இஞ்சில, நீளம் அடியில, மூணையும் பெருக்கி 144ஆல வகுத்தா கனஅடி. 5க்கு 4 நிலைல 7 அடி ரெண்டு, 4 அடி ரெண்டு, மொத்தம் 22 அடி, 3 கனஅடிக்குக் கொஞ்சம் மேல வரும். நாலுன்னு பில் போட்டா ஏன்னு கேளுங்க.

பில்லுன்னு சொன்னதும் கோவம்தான் வருது. துறைமுகத்துல இறங்குறப்ப என்ன மரம், எந்த நாடுன்னு பேப்பர்ல தெளிவா இருக்கு, கடைக்கு வந்ததும் அது வெறும் "டிம்பர்" ஆகிடுது! தங்கத்துக்கு ஹால்மார்க் பாத்து வாங்குறோம், இவ்வளவு காசு போட்டு எடுக்குற மரத்துக்கு வாங்குறவங்க கையில ஒரு சீட்டும் இல்ல, யாரும் அதப் பத்திக் கவலப்பட்டதாவும் தெரியல. அதனால பில்லுல "தேக்கு, இந்த நாடு, இத்தனை கனஅடி, வெள்ளை கிடையாது"ன்னு எழுதி வாங்கிட்டு அப்புறம் மீதிப் பணத்தக் கொடுங்க.

நிலைய நிக்க வைக்கிறதுக்கு முன்னாடி சுவர் பக்கம் படுற இடத்துலயும் தரையில பதியுற காலோட அடியிலயும் கரையான் மருந்து ரெண்டு கோட் அடிச்சுக் காய விடுங்க, பூசுன அப்புறம் அந்தப் பக்கம் கை வைக்க முடியாது.