வலை ஈயமும் கப்பல் சிவப்பும்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பழைய ஈயப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவதைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். படித்த அன்றே பரணில் ஏறி என் சித்தப்பாவின் மரப்பெட்டியை இறக்கினேன்.

சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். எண்பதுகளில் இங்கிலாந்துத் துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போது வாங்கிய ஈயப் பொம்மைகள் அதில் இருக்கின்றன, மேசைமேல் ஆடும் கற்பனைப் போர் விளையாட்டுக்கானவை. மொத்தம் 43. கோடரி பிடித்த குள்ளர்கள், கூன் விழுந்த காப்ளின்கள் என்னும் குட்டிப் பிசாசுகள், எலும்புக்கூட்டுப் படை, ஒரு சின்ன டிராகன். எல்லாம் கட்டைவிரல் அளவுதான். சிலவற்றின் காலுக்குக் கீழே பட்டையாக ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் சிட்டாடல் என்றும் 85 என்றும் எழுத்து. ஏழு பொம்மைகளுக்கு மட்டும் சித்தப்பாவே வர்ணம் பூசியிருக்கிறார், கப்பலில் கிடைத்த பெயிண்டை வைத்து. முகமெல்லாம் மூடிப்போய் திட்டுத் திட்டாக இருக்கிறது. மற்றவை வெறும் உலோகம். பத்துப் பன்னிரண்டில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது.

வர்ணம் பூசினால் மதிப்புப் போய்விடும், அப்படியே வைத்து விற்றுவிடு என்கிறார் சென்னையில் சேகரிக்கும் ஒருவர். அப்பா நாட்டுப்படகுக்காரர், 'எல்லாம் ஈயம்தானே, உருக்கினா வலைக்கு ஆகும்' என்கிறார். அம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். சித்தப்பா இப்போது இல்லை. நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம் ஐயா, ஊரில் தெரிந்துவிடும்.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் ஒரு காரியம்: இந்தப் பதிலை முழுதாகப் படிப்பதற்கு முன்னாலேயே அந்த 43 பேரையும் மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா போதும். பொடி பூத்தவை தனி டப்பாவில். அட்டைத் தடுப்பு, செய்தித்தாள் எதுவும் உள்ளே போகக் கூடாது. செய்துவிட்டு வாருங்கள்.

அப்பா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொன்னது சரி. அதில் வலை ஈயம் இருக்கிறது. நாம் ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், வலையில் கோப்பது காரீயம். அந்தக் காலத்துப் பொம்மைகள் இந்த இரண்டும் கலந்தவை. வெள்ளீயம் சேர்ந்தால் கலவை சீக்கிரம் உருகும், அச்சின் நுண்ணிய பள்ளங்களுக்குள்ளும் ஓடும். காப்ளினின் பல் பல்லாகத் தெரிவது அதனால்தான். அமெரிக்காவில் ரால் பார்த்தா நிறுவனம் 1993-இல் காரீயத்தை விட்டது. சிட்டாடல் என்ற பெயரில் பொம்மைகளை விற்கும் இங்கிலாந்து நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1997-இல் விட்டது. உங்களுடையவை அதற்கு முந்தியவை. ஆகவே அப்பா கையில் எடுத்துப் பார்த்ததும் எடையை வைத்தே கண்டுகொண்டிருப்பார்.

ஆனால் வலை ஈயத்தை மறுபடி வார்த்துக்கொள்ளலாம். இதை முடியாது. அந்தப் பொம்மையை ஒருவர் கம்பிமேல், இரண்டு பாகம் கலந்தால் இறுகுகிற எபாக்ஸி மாவை அப்பி, அதே அளவிலேயே கையால் செதுக்கியிருக்கிறார். கணினி கிடையாது. பெரிதாகச் செய்து பிறகு சிறிதாக்குகிற வேலையும் இல்லை. ஓர் அங்குல உயரத்தில் மூக்கு, சுருக்கம், இடுப்புவாரின் கொக்கி. அந்த மூலத்தை ரப்பர் வட்டுகளுக்கு நடுவில் வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் அச்செடுப்பார்கள். அதில் மூலமே பல சமயம் நசுங்கிப்போகும். பிறகு அச்சைச் சுழலவிட்டு நடுவில் உலோகத்தை ஊற்றுவார்கள், சுழலும் வேகத்தில் அது ஓரம் வரை ஓடி நிறையும். கெவ் ஆடம்ஸ் என்பவர் அப்படிச் செய்த காப்ளின்கள் பேர்போனவை. ஒவ்வொரு முகத்திலும் வேறு வேறு கள்ளத்தனம். பெரி சகோதரர்கள் இரட்டையர்கள், அவர்கள் செதுக்கிய வீரர்களின் நிற்பில் உடம்பின் எடை தெரியும். இதையெல்லாம் அப்பாவுக்குச் சொல்லிப் பாருங்கள். படகு கட்டும் ஆசாரியின் கையை மதிக்கத் தெரிந்தவருக்கு இதுவும் புரியும்.

காலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பது பிளாஸ்டிக் பீடத்தின் பிளவில் செருகுவதற்கான தகடு. எண்பதுகளின் நடுவில் சிட்டாடல் கொண்டுவந்த முறை அது. அதற்கு முன் பீடத்தையும் பொம்மையையும் சேர்த்தே வார்த்தார்கள். அப்படி உங்களிடம் இருப்பவை இன்னும் பழையவையாக இருக்கலாம். தகட்டை வெட்டிவிடாதீர்கள், அந்த எழுத்துதான் அவற்றின் பிறப்புச் சான்று.

இப்போது வெள்ளைப் பொடி. இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நான் இழந்திருக்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் சேர்த்த பொம்மைகளை மண்டபம் வீட்டில் ஒரு மர அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அம்மாவின் வைத்தியத்துக்காக மதுரையில் தங்கிவிட்டேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. திரும்பி வந்து திறந்தபோது பதினோரு பொம்மைகள் மாவு தூவியதுபோல நின்றன. ஓகர் என்னும் அரக்கப் பொம்மை ஒன்றின் கையைத் தொட்டேன், மணிக்கட்டோடு உதிர்ந்து விழுந்தது. அன்றைக்கு அந்த அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அது பூஞ்சை இல்லை தம்பி. மரமும் அட்டையும் மெல்ல மெல்ல அசிட்டிக் அமில ஆவியை விடுகின்றன, காடியில் இருக்கும் அதே அமிலம். மூடிய பெட்டிக்குள் அது தங்கிக் காரீயத்தைத் தின்னும். பிறகு காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து அதை வெள்ளை ஈயக் கார்பனேட்டாக மாற்றும். மாறும்போது அமிலம் விடுபட்டு அடுத்த அடுக்கைத் தின்னப் போகும். ஓவியர்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய ஈய வெள்ளையைச் செய்ததும் இப்படித்தான், காரீயத் தகடுகளைக் காடிப் பானைகளோடு அடைத்துவைத்து. உங்கள் பரணில் மரப்பெட்டி அந்த வேலையைத் தானாகச் செய்துகொண்டிருந்தது. நம் கரையின் ஈரம் அதை விரைவுபடுத்தியது.

அதனால்தான் அம்மாவிடம் சொல்லுங்கள், புளி வேண்டாம். பித்தளைக்குப் புளி சரி. இதற்கு அது இன்னும் ஓர் அமிலம்.

செய்ய வேண்டியது இது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பொடியை உலர்ந்த நிலையில் தட்டக் கூடாது, மூச்சில் போகும், அது விஷம். சோப்புத் தண்ணீரில் நனைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேயுங்கள். அந்தத் தண்ணீர் ஆடு குடிக்கும் இடத்திலோ கிணற்றடியிலோ போகக் கூடாது. நன்றாக அலசி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் எம்-சீல் போதும், குழாய்க்கு அடைக்கிற அதே எம்-சீல். இந்த வேலையில் இருக்கும்போது வாயில் எதையும் வைக்காதீர்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தூண்டில் ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் நம் கரையில் உண்டு. இரண்டையும் விட வேண்டும், அப்பாவிடமும் சொல்லுங்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்வி, வர்ணம் பூசுவதா வேண்டாமா. வெறும் உலோகமாக இருப்பதைச் சிலர் கூடுதல் விலைக்கு வாங்குவார்கள் என்பது உண்மை. வாங்குகிறவர் தானே பூச விரும்புவார், பிறர் பூசியதைக் கழற்றும் வேலை இருக்காது. உங்கள் சென்னை நண்பர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் பாம்பன் கால்வாயின் இரண்டு கரையிலும் வாழ்கிற நமக்கு அந்த ஆலோசனை பொருந்தாது. 1914-இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தை, 2022-இல் அதில் ரயில் நிற்கும்வரை, அத்தனை காலம் நிறுத்திவைத்ததில் பெயிண்ட் அடித்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி என்ன செய்கிறார்கள்? மராமத்து பார்த்து வர்ணம் அடிக்கிறார்கள். அழகுக்காக மட்டுமா அடிக்கிறார்கள்? வர்ணம் இல்லாத படகை உப்புக் காற்று விட்டுவைக்காது. இந்தக் கரையில் வெறும் ஈயத்தை விலைக்காகப் பாதுகாக்கிறேன் என்பது மெல்ல மெல்ல அதை இழப்பது. பூசுங்கள். பீடத்தின் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் பூசுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வர்ணம் மட்டும் முழுக் காப்பு ஆகாது, டப்பாவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் உங்கள் பேரன் கையில் போகும்.

முதல் பூச்சுக்கு ஸ்பிரே வேண்டாம். ஈரக் காற்றில் அது சொரசொரவென்று படியும், செதுக்கினவர் கொடுத்த சுருக்கமெல்லாம் மறைந்துவிடும். தூரிகையால் மெல்லியதாக அடியுங்கள். வர்ணத்துக்கு அக்ரிலிக். கேமல் அக்ரிலிக்கே தொடங்கப் போதும், ஆனால் டியூபிலிருந்து எடுத்ததைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று முறை பூச வேண்டும். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் முகம் போய்விடும். அடிநிறம் காய்ந்ததும், மிக நீர்த்த கரும்பழுப்பை மேலே ஓடவிடுங்கள், பள்ளங்களில் தானே தேங்கும். பிறகு தூரிகையைத் துணியில் துடைத்து, கிட்டத்தட்ட வர்ணமே இல்லாத நிலையில், சங்கிலிக் கவசத்தின் மேடுகளில் வெள்ளி நிறத்தை உரசிச் செல்லுங்கள். ஒவ்வொரு வளையமாக எழுந்து வரும். எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் அந்த நிமிஷம் அலுக்கவில்லை.

நிறங்களைப் பிரிப்பது எப்படி என்று குழம்பினால், ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்களில் போர்க்காட்சிகள் இருக்கின்றன. வீரர்கள் நெருக்கமாக நிற்கிறார்கள், ஆனாலும் ஒருவரோடு ஒருவர் கலக்கவில்லை. உடம்பையும் உடையையும் கருங்கோடு பிரிக்கிறது. கைக்கும் சட்டைக்கும் நடுவில் அந்தக் கோட்டைப் போடுங்கள், ஓர் அங்குலப் பொம்மை நாலடி தள்ளி நின்று பார்த்தாலும் தெரியும். இதை எனக்கு எந்த ஆங்கில வழிகாட்டியும் இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தரவில்லை.

கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் ஜன்னலோரம் உட்கார வேண்டாம், ஈர வர்ணத்தில் மணல் ஒட்டும். பூசியவற்றை உடனே டப்பாவில் அடைக்காதீர்கள். ஒரு வாரமாவது வெளியே நின்று வாடை போகட்டும். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.

கடைசியாக அந்த ஏழு பொம்மைகள். வேறு எவரோ பூசிய பொம்மை உங்கள் கைக்கு வந்தால் வர்ணத்தைக் கழற்றத் தயங்க வேண்டாம். தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஒரு நாள் ஊறவைத்து, டெட்டாலிலேயே தேய்த்து அலசிவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீர் படவேண்டும். முன்னால் தண்ணீர் பட்டால் கழன்ற வர்ணம் பிசினாக மாறி ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்த ஏழையும் டெட்டால் பக்கமே கொண்டுபோகாதீர்கள். திட்டுத் திட்டாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆடுகிற கப்பலில், வேலை முடிந்த இரவில், மரச்சட்டத்துக்கு அடிக்கும் தூரிகையோடு, உங்கள் சித்தப்பா ஓர் அங்குல முகத்துக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தத் திட்டு அவருடைய கை. உங்களிடம் இருக்கும் 43-இல் விலை சொல்ல முடியாதவை இந்த ஏழும்தான், சிட்டாடல் எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அவர் பூசிய சிவப்பு ஆரஞ்சு சாயலில் இருக்கிறதா? இரும்புக்குத் துருப் பிடிக்காமலிருக்க அந்தக் காலத்தில் முதல் பூச்சாக ரெட் லெட் அடிப்பார்கள். அதுவும் ஈயம்தான், செவ்வீயம். அப்படியிருந்தால் உப்புத்தாள் போட்டு உரசவே கூடாது. ஈரத் துணியால் தூசியை மட்டும் எடுத்து, மேலே மெல்லிய அக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சு. அவ்வளவுதான் அதற்குச் செய்ய வேண்டியது.

அந்த ஏழு பேரும் யார் யார், யாருக்கு எந்த நிறம் கொடுத்திருக்கிறார் என்று எழுதுங்கள். பகலில், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். முகம் மூடிப்போயிருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து