காலில் ரத்தக்கட்டி: மாத்திரையா, ஆபரேஷனா?

கேள்வி: அப்பாவுக்குத் தொடையின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருப்பதாக டாப்ளர் ஸ்கேனில் வந்திருக்கிறது. அதை எடுக்காமல் வெறும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்களே, சரிதானா டாக்டர்?

பதில்: சரிதான். ரத்தநாள அறுவை செய்கிற நானும் பெரும்பாலானவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒன்று: ஹெப்பாரின் ஊசியோ, அபிக்ஸபான், ரிவராக்ஸபான் மாத்திரையோ கட்டியைக் கரைப்பதில்லை. அது வளராமலும் புதிதாக உறையாமலும் பார்த்துக்கொள்கின்றன. அந்த அவகாசத்தில் உடம்பில் ஊறும் பிளாஸ்மின் என்ற நொதி கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். நாம் பயப்படுவது கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போவதற்குத்தான். அந்த அபாயத்தை மாத்திரை வெகுவாகக் குறைத்துவிடும்.

கேள்வி: சிரைக்குள் குழாய் விட்டு, மருந்து செலுத்திக் கட்டியைக் கரைத்துவிட்டால் பின்னாளில் கால் வீக்கம், வலி எல்லாம் வராதாமே?

பதில்: நாங்களும் அப்படித்தான் எதிர்பார்த்தோம். இதைச் சோதித்துப் பார்த்து 2017இல் வெளியான அட்ராக்ட் ஆய்வில் 692 பேர் இருந்தார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம், குழாய் வழியே கரைத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தத் தொல்லை வந்தது. வித்தியாசமே இல்லை. முதல் பத்து நாளில் பெரிய ரத்தக்கசிவு மட்டும் 0.3இலிருந்து 1.7 சதவீதமாகக் கூடியது. ஆனால் கட்டி இடுப்புச் சிரை வரை ஏறியவர்களுக்குத் தொல்லையின் கடுமை சற்றுக் குறைந்தது. ஆகவே இளவயது, புதிய கட்டி, இடுப்புவரை அடைப்பு, ரத்தக்கசிவு அபாயம் குறைவு என்று எல்லாம் சேர்ந்தால் யோசிக்கலாம். முழங்காலுக்குக் கீழே உள்ள கட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அப்ப ஆபரேஷன் யாருக்குத்தான்?

பதில்: காலே போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. சில மணி நேரத்தில் தொடை முதல் பாதம் வரை ஊதி, தோல் பளபளவென இறுகி, நீலம் பாய்ந்து, தாங்க முடியாத வலி வரும். வீக்கத்தின் அழுத்தத்தில் தமனி ரத்தம்கூட உள்ளே வர முடியாது. அங்கே மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்கவே கூடாது. குழாய் வழியே கரைப்போம் அல்லது உறிஞ்சி எடுப்போம். முடியாதபோது கவட்டையில் கீறி, பலூன் வைத்த குழாயால் கட்டியை இழுத்து எடுப்போம். அதற்குப் பிறகும் உறைவுத் தடுப்பு மருந்து உண்டு. ஆபரேஷன் செய்தால் மாத்திரையிலிருந்து தப்பிக்கலாம் என்று யாரும் நினைக்காதீர்கள்.

கேள்வி: வயிற்றுக்குள் ஃபில்டர் வைப்பது?

பதில்: அது கட்டி நுரையீரலுக்குப் போகாமல் வழியில் பிடித்துவைக்க, வயிற்றிலுள்ள பெரிய சிரைக்குள் வைக்கும் சிறு வலை. ரத்தக்கசிவால் உறைவுத் தடுப்பு மருந்தே கொடுக்க முடியாதவர்களுக்கு. மருந்து தொடங்க முடிந்ததும் ஃபில்டரை எடுத்துவிட வேண்டும். அதை மறந்துவிடாமல் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். குறைந்தது மூன்று மாதம். காரணமே தெரியாமல் வந்த கட்டி என்றால் பெரும்பாலும் அதற்கு மேலும் தொடர வேண்டிவரும். தாராளமாக நடங்கள், படுத்தே கிடக்க வேண்டியதில்லை. திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், கறுப்பு மலம், தலையில் பலத்த அடி, இவற்றில் எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.